டவுன் கட்ட வாங்க, தண்ணிக்கு வழி சொல்லிட்டு வாங்க

தொழில் துறை அதிகாரிகளுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி பக்கத்து கடற்கரை கிராமத்துலேர்ந்து எழுதுறேன்.

எங்க பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரியும் அத சுத்தி ஒரு டவுனும் வரணும்னு எங்களுக்கும் ஆசைதான், படிச்ச பசங்க திருப்பூரு, சென்னை, துபாய்னு போயிட்டாங்க. ஆனா சீமைக்கருவேலங்காட்ட பாத்துட்டு நெலம் சும்மா கெடக்குதுன்னு மட்டும் முடிவு பண்ணிறாதீங்க.

ஜார்க்கண்ட்ல டாட்டா எஃகு ஃபேக்டரிய சுத்தி உருவான ஜாம்ஷெட்பூர் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. அகலமா ரோடு போடு, நிழல் மரம் வை, வெளையாட கிரவுண்டு விடு, கோயில் மசூதி சர்ச்சுக்கு எடம் ஒதுக்குன்னு ஜாம்ஷெட்ஜி டாட்டா 1902லயே மகனுக்கு கடிதம் எழுதிட்டாரு, அப்ப எடமே முடிவாகல, 1904ல அவரும் எறந்துட்டாரு. அப்புறம் தேடி அலைஞ்சு சினின்னு ஒரு ஊர மனசுல வெச்சிருந்து கடைசில சாக்சி கிராமத்துக்கு வந்தாங்க, ஏன்னா அங்கதான் சுபர்ணரேகாவும் கர்காய் ஆறும் சேருது, ரயில் ஸ்டேஷனும் பக்கம். 1912ல மொத எஃகு வந்துச்சு, 1919ல ஊருக்கு இப்ப இருக்குற பேரு. ஊரு பெருசானதும் ரெண்டு ஆறும் பத்தாம திம்னா ஏரிய கட்டுனாங்க. (அங்க காலங்காலமா இருந்த ஆதிவாசி ஜனங்க நெலத்த இழந்ததையும் சேத்துத்தான் இந்த கதைய சொல்லணும்.)

எங்களுக்கு எந்த ஆறு இருக்கு? வைகைக்கு நாங்க கடைமடை, கண்மாய் நெறையுறது மழை பேஞ்சாத்தான். காவிரி கூட்டுக்குடிநீர் கொழாய்ல வராத நாள்ல பொம்பளைங்க தள்ளுவண்டியில கொடத்த அடுக்கிக்கிட்டு ஊத்துக்கு போறாங்க. இந்த தண்ணியில ஃபேக்டரிக்கும் பங்கு கேட்டா நாங்க எங்க போறது?

கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்கலாம்னு சொல்வீங்க. சரி, ஆக்குங்க, ஆனா மிஞ்சுற கெட்டி உப்புத்தண்ணிய எங்க விடுவீங்க? மன்னார் வளைகுடா 21 தீவும் இங்கதான் இருக்கு, மீனு குஞ்சு பொரிக்குற எடம், பாசி எடுத்து பொழைக்குற பொம்பளைங்க இறங்குற கடல் அது.

அதனால ஒண்ணுதான் கேக்குறோம். நெலம் அளக்குறதுக்கு முன்னாடி கிராம சபைய கூட்டி, ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் தண்ணி வேணும், எங்கேருந்து எடுப்பீங்க, கழிவு எங்க போகும்னு தமிழ்ல எழுதி வெச்சு பேசுங்க. மீன்பிடி தடைக்காலத்துல கூட்டுனா நல்லது, ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகுக்காரங்க எல்லாரும் கரையிலதான் இருப்பாங்க.