கிண்டர் மலைக்கு ஒரு வெள்ளோட்டம்

அன்புள்ள மாப்ளே,

நலம். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைக் கடைசியில் மொத்தமாக வைத்துக்கொள். வீட்டில் இன்னும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

மான்செஸ்டரில் நம் ஆட்கள் 22 பேரைக் கிண்டர் ஸ்கவுட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவதாக வாய் கொடுத்துவிட்டேன். 1932 ஏப்ரல் 24 அன்று, பணக்காரர்கள் காட்டுக்கோழி வேட்டைக்கென்று வளைத்து வைத்திருந்த அந்த மலைமேல் சில நூறு பேர் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. அந்த வயதில் நீயும் நானும் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்ததோடு சரி. அந்த நாள் வருகிற வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை, நாமும் ஏறுவோம் என்று நான் அடித்த பிரசங்கத்தில் எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டார்கள், முழங்கால் வலிக்கார அக்கா உட்பட.

சனிக்கிழமை வழி பார்த்து வரத் தனியாகப் போனேன். ஈடேலில் ரயிலை விட்டு இறங்கி, ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்துக் கல்படியில் ஏறி, கிண்டர் லோ என்ற மேட்டு உச்சி வரை ராஜா மாதிரி போய்விட்டேன். உயரம் 633 மீட்டர். வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலையிலேயே உட்கார்ந்துவிட்ட குண்டுவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் கூலி கிடைத்தது.

அங்கிருந்து விளிம்பை ஒட்டியே ஒழுங்கான பாதை இருக்கிறது. நான்தான் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கக் குறுக்கே இறங்கினேன். மலை உச்சி என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. மேலே பலகை மாதிரி விரிந்த சதுப்பு. மண் முழுக்கக் கறுப்பு பீட், அதாவது செடியும் பாசியும் பாதி மக்கிச் சேர்ந்த ஈர மண். அதில் மழைநீர் அறுத்த வாய்க்கால்கள் ஆளுயரத்துக்கு மேல். ஒன்றில் இறங்கி ஏறினால் அடுத்தது. பழைய ஆலைகளின் புகையில் பாசியெல்லாம் செத்து மண் வெறித்துப் போனதாம். இப்போது கல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, பாசியைத் திரும்ப நடுகிறார்கள். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விளக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் வந்த வழியைக் காணோம். மூடுபனி.

வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. இழுத்தால் கால் வந்தது, ஷூ வரவில்லை. கையை விட்டுத் துழாவி எடுத்தேன். குளிரில் போன் செத்துவிட்டது. மேப்பை அதில்தான் வைத்திருந்தேன். பத்தடி தள்ளி ஒரு முயல், பாதி வெள்ளை பாதி பழுப்பு, குளிர்காலச் சட்டையைக் கழற்றி முடிக்காமல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. என் முகத்தில் இருந்ததை அதுவாவது பார்க்கட்டும்.

மாப்ளே, எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. பின்னால் 22 பேர் நிற்பது போலவே இருந்தது. ‘அண்ணா, எந்தப் பக்கம்?’ என்று அந்த அக்கா கேட்பது காதில் விழுந்தது. வேர்த்துவிட்டது.

காப்பாற்றியது என்ன தெரியுமா? சின்னவளின் விசில். அதன் பின்பக்கம் பட்டன் அளவுக்கு ஒரு காம்பஸ். விளையாட்டுச் சாமான்தான். தெற்கே போனால் எப்படியும் ஈடேல் பக்க விளிம்பு வரும் என்பது நினைவில் இருந்தது. வாய்க்கால் குறுக்கே வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து நாற்பது நிமிஷம். திடீரென்று பனி கிழிந்து, கீழே பள்ளத்தாக்கில் ரயில் ஊர்ந்து போவது தெரிந்தது. அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் ‘வழி அருமை’ என்றேன். ஷூவைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வழியை மாற்றிவிட்டேன். போன வழியிலேயே திரும்புவது. போக வர சுமார் 13 கிலோமீட்டர். காகித மேப், நிஜ காம்பஸ் இரண்டும் வாங்கியாயிற்று. பனி இறங்கினால் படிக்குக் கீழேயே புளியோதரையைப் பிரித்துவிடுவோம். ‘உச்சிக்குப் போகவில்லையா?’ என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்ததா? குண்டுவிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே. விசிலைத் தேடிச் சின்னவள் இரண்டு நாளாக வீட்டைக் குடைகிறாள். என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, ஞாயிறு முடிந்து கொடுக்கிறேன்.

உன்
மாப்ளே