கிதியோன் மகனுக்கு வைத்த பெயர்

அன்புள்ள தம்பி,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் அண்ணனுடைய ஸ்தோத்திரங்கள்.

சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டித் தேர்தலில் நீ ஜெயித்த செய்தி வந்ததும் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனதில் ஒன்று தங்கிவிட்டது. ஆராதனை முடிந்து நீ மைக்கில் பேசியதை ஒருவர் அனுப்பியிருந்தார். "நமக்கு ராஜா கர்த்தர். நான் வெறும் ஊழியக்காரன்" என்று சொல்லும்போது உனக்குத் தொண்டை அடைத்தது. நீ மனதாரத்தான் சொன்னாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏறக்குறைய இதே வார்த்தையை, வேதத்தில் மீதியானியரை யுத்தத்தில் ஜெயித்து இஸ்ரவேலரை மீட்ட கிதியோன் சொல்லியிருக்கிறார். 300 பேர், எக்காளம், வெறும் பானை, பானைக்குள் தீவட்டி. ஓய்வுநாள் பள்ளியில் நாமே அதை நடித்திருக்கிறோம். பானை உடைந்து, மீதியானியர் ஓடினதும் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். பிரசங்கங்களும் பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடுகின்றன. நீ நியாயாதிபதிகள் 8ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசி. ஜெயித்து வந்தவரிடம் ஜனங்கள், நீரும் உம்முடைய மகனும் பேரனும் எங்களை ஆள வேண்டும் என்று கேட்கிறார்கள். 23ஆம் வசனத்தில் அவர் சொல்லும் பதில்: "நான் உங்களை ஆளமாட்டேன்; என் குமாரனும் உங்களை ஆளமாட்டான்; கர்த்தரே உங்களை ஆளுவாராக."

எவ்வளவு நல்ல பதில்! ஆனால் அடுத்த வசனத்திலேயே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைத் தாருங்கள் என்கிறார். துணியை விரித்து ஆளாளுக்குப் போடுகிறார்கள். 1,700 சேக்கல் எடைப் பொன் சேருகிறது. அதில் ஏபோத்து என்ற உடுப்பு ஒன்றைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைக்கிறார். அப்புறம் அநேக மனைவிகள், 70 பிள்ளைகள். சீகேமில் இருந்த மறுமனையாட்டிக்குப் பிறந்த பையனுக்கு அபிமெலேக்கு என்று பெயர் வைக்கிறார். எபிரெயுவில் அதற்கு 'என் தகப்பன் ராஜா' என்று பொருள்.

அந்தத் தகப்பன் கடவுளைக் குறிக்கும் என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் பையன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா செத்த பிறகு, தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் கொன்றுபோட்டு சீகேமில் ராஜாவானான். ஒளிந்து தப்பியவன் கடைசித் தம்பி யோதாம் மட்டும்.

தம்பி, அந்த ஏபோத்துதான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஏபோத்து என்பது ஆசாரியனுடைய உடுப்பு, கர்த்தரிடம் விசாரிக்கப் பயன்பட்டது. அதை ஒருவர் தன் ஊரில் வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? கர்த்தர்தான் ராஜா, ஆனால் அவரிடம் போகிற வழி என் வாசல் வழியாகப் போகிறது. நம் சபைகளில் இது எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கேட்டுப் போனால் சந்தா பாக்கியைக் காட்டி அலைய விடுவது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு அழுதுகொண்டு வருகிறவரிடம், போன தேர்தலில் அவர் எந்த அணிக்கு ஓட்டுப் போட்டார் என்று யோசிப்பது.

இஸ்ரவேலில் ராஜா வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று உபாகமம் 17இல் இருக்கிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தைப் பிரதியெடுத்து வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக் கூடாது. ராஜாவாக மாட்டேன் என்ற கிதியோன், ராஜாவே செய்யக் கூடாத இரண்டைச் செய்துவிட்டார்.

நம் ஆண்டவரைப் பார். அப்பம் சாப்பிட்ட ஜனங்கள் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்கப் பார்த்தபோது மலைக்கு விலகிப் போனார். நீ ராஜாவா என்று தேசாதிபதி பிலாத்து கேட்டபோது மறுக்கவில்லை, "நீர் சொல்லுகிறபடி நான் ராஜாதான்" என்றார். சீஷர்களின் கால்களைக் கழுவிவிட்டு, நீங்கள் என்னை ஆண்டவர் என்று சொல்லுகிறது சரியே என்றார். பணிவு என்ற பெயரில் அவர் தம்முடைய ராஜரிகத்தை மறைக்கவே இல்லை. கிதியோன் வேண்டாம் என்றது பட்டத்தை, எடுத்துக்கொண்டது அதன் வசதிகளை. இயேசு ராஜா என்பதை ஒத்துக்கொண்டு, வசதி எதையும் தொடாமல் சிலுவைக்குப் போனார். எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் "யூதருடைய ராஜா" என்று அவர் தலைக்குமேல் எழுதியிருந்தது.

1934 மே மாதக் கடைசியில் ஜெர்மனியில் பார்மன் என்ற ஊரில் சபையார் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சபைக்குள்ளேயே அவருக்கு ஆதரவாகப் பெரிய அணி. அறிக்கையை எழுதியதில் பெரும்பங்கு இறையியலாளர் கார்ல் பார்த்துக்கு. இயேசு கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு எஜமான்களுக்கு உரிய பகுதிகள் நம் வாழ்க்கையில் உண்டு என்ற போதனையைத் தள்ளுகிறோம் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரி எனக்கு எப்போதும் கமிட்டி அறையைத்தான் நினைப்பூட்டும். ஆலயத்துக்குள் கர்த்தர் ராஜா, சரி. கணக்கு நோட்டு விரிக்கிற மேஜையில்? ஜாதி பார்த்து வேட்பாளர் போடுகிற திண்ணையில்?

நானும் ஒன்பது வருஷம் கமிட்டியில் இருந்தவன், உனக்குத் தெரியும். சபையார் எல்லாருக்கும் சாப்பாடு போடும் அசனத்தன்று ஜனங்கள் வெயிலில் பந்திக்குக் காத்திருப்பார்கள். எங்களுக்கு மட்டும் உள்ளே தனி அறையில் இலை விழும். முதல் வருஷம் கூச்சத்தில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வருஷம் இலை போடத் தாமதமானதற்குப் பரிமாறுகிற பையனிடம் சத்தம் போட்டேன். யாரும் என்னை அந்த இடத்துக்குத் தள்ளவில்லை, நானேதான் போய்ச் சேர்ந்தேன். அதே வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்" என்று கண்ணை மூடிப் பாடியும் இருக்கிறேன். அந்தப் பையன் முகம் இன்னும் கண்முன் நிற்கிறது.

இந்த வருஷம் அசனத்துக்குக் குடும்பத்தோடு வருகிறேன். உள்ளே எனக்கு இலை போடச் சொல்லாதே. ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை கடைசிப் பந்தியில்தான் உட்காருவார், அவருக்குப் பக்கத்தில் நம் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து வை.

அன்புடன்,
அண்ணன்