பார்சல் கட்டும் முன் விதி தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு,

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. 800 டாலர் வரையான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கும் அதே மாதம் போனது. அங்கே செல்லும் அஞ்சல் பார்சல்கள் அக்டோபர் பாதி வரை முடங்கின. நவம்பரில் தேயிலைக்குக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு வந்தது. சரி, நாளை?

பெரிய ஏற்றுமதியாளருக்கு ஏஜென்ட் உண்டு. கையால் உருட்டிய தேயிலையும் நீலகிரித் தைலமும் அனுப்பும் எங்களுக்கு வாட்ஸ்அப் வதந்திதான். தேயிலை வாரிய அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே பொருளின் வகையைச் சொல்லும் சுங்கக் குறியீடு, பில் எழுதும் முறை, வரியை யார் கட்டுவது என்பதையெல்லாம் தமிழில் விளக்கலாமே! தேயிலையும் தைலமும் ஒரே பெட்டியில் போனால் வரிக் கணக்கு எப்படி என்பதை முதலில் சொல்லட்டும்.

சிறு வணிகர் ஒருவர்,
கோத்தகிரி