ரெண்டு காசு

கண்ணு,

ஷாங்ஹாயில் கடைக்குக் கடை பச்சை உருண்டை அடுக்கியிருக்கிறது, மூன்று நாள் லீவு, என்ன விசேஷம் என்று தெரியவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாய். பினாங்கில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? பக்கத்து வீட்டு ஆண்ட்டி விடியற்காலையில் அரிவாள், துடைப்பம், சோற்றுச் சட்டி எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போவாரே, அந்த 'செங்பெங்'தான். முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படைக்கிற நாள். நம்மூர்ச் சீனர் பேசுகிற ஹொக்கியனில் அப்படி, அங்கே சிங்மிங்.

நம் ஆடி அமாவாசை மாதிரி நிலாக் கணக்கு இல்லை, சூரியக் கணக்கு. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிப் பதினைந்து நாள் கழித்து, ஏப்ரல் 4 அல்லது 5-ல் வரும். சீனாவில் இதற்கு அரசு விடுமுறை விட்டதே 2008-லிருந்துதான்.

இதற்குள் இன்னொரு பழைய நோன்பு ஒளிந்திருக்கிறது, அடுப்பு மூட்டாத நோன்பு. பழைய சீனாவில் ஜின் நாட்டு இளவரசன் ஒருவன் பத்தொன்பது வருஷம் நாடோடியாக அலைந்தான். பசியில் அவன் துவண்டபோது ஜியே சுதுய் என்பவன் தன் தொடைச் சதையை அறுத்துச் சமைத்துக் கொடுத்தானாம். கி.மு. 636-ல் இளவரசன் அரசனானான். எல்லோருக்கும் பரிசு கொடுத்தவன் இவனை மறந்துவிட்டான். ஜியே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டான். வெளியே வரவைக்க அரசன் காட்டுக்குத் தீ வைத்தான். இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் கருகிக் கிடந்தார்கள். அந்த நினைவில் தீ மூட்டாமல் ஆறிய சோறு சாப்பிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும் மிகப் பழைய வரலாற்று நூலில் தீயே கிடையாது. அரசன் தேடினான், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மா அதிலும் இருக்கிறாள். "நீயும் போய்க் கேளேன்" என்கிறாள் முதலில். எந்த அம்மாதான் சொல்ல மாட்டாள்? அவன் மாட்டேன் என்றதும், "சரி, நானும் உன்னோடு ஒளிந்துகொள்கிறேன்" என்கிறாள். எல்லோரும் மகனுக்கு அழுகிறார்கள். எனக்கு இவள்தான் மனசை விட்டுப் போகவில்லை.

உன் பச்சை உருண்டையையும் ஆறவைத்துத்தான் தின்ன வேண்டும். பச்சை இலைச்சாறு விட்டுப் பிசைந்த பசையரிசி மாவு, உள்ளே இனிப்புச் சிவப்புப் பயறு. நம் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி. இப்போது முட்டை மஞ்சள் கருவெல்லாம் வைக்கிறார்களாமே, அது வேண்டாம்.

ஒரு வருஷம் ஆண்ட்டி என்னையும் கூட்டிப்போனார். மகன் புல் செதுக்கினான், மருமகள் கல்லில் மங்கிப்போன எழுத்துக்கு வண்ணம் தீட்டினாள். கலர் காகிதங்களை மேட்டில் பரப்பிக் கல் வைத்தார்கள். சோறு, கோழி, பழம் எல்லாம் படைத்த பிறகு ஆண்ட்டி இரண்டு காசைச் சுண்டிப் போட்டார். சாப்பிட்டாயிற்றா என்று மாமனாரைக் கேட்கிறாராம். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். மூன்று தடவையும் ஒரே பக்கம். "பீர் மறந்துட்டோம்!" என்று மகன் காருக்கு ஓடினான். நாலாவது தடவை சரியாக விழுந்தது.

போன அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நானும் இரண்டு இருபது காசைச் சுண்டிப் பார்த்தேன். இரண்டும் தலை. பாயசத்தில் சர்க்கரை போதவில்லை போல. இன்னொரு கரண்டி போட்டேன்.

அம்மா