தரம் தெரிந்த பிள்ளைக்கு ‘ரேங்க்’ தெரியவில்லை: பொறியியல் முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பதினெட்டு ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ்வழியில் கணிதம் நடத்தி வருகிறேன். நாங்கள் அனுப்பிவைக்கும் பிள்ளைகளைத்தான் கலந்தாய்வு முடிந்ததும் நீங்கள் உங்கள் வகுப்பறையில் சந்திக்கிறீர்கள். ஒரே பிள்ளைக்கு மே மாதம் வரை நானும் அதன்பின் நீங்களும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நாம் இரு தரப்பும் இதுவரை ஒரு முறைகூட உட்கார்ந்து பேசியதில்லை. அந்தக் குறையால்தான் இந்த மடல்.

சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பொதுத்தேர்வில் கணிதத்தில் 97 மதிப்பெண் எடுத்தவள். ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் சேர்ந்திருந்தாள். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் கணிதத்தில் ஐம்பதுக்குப் பதினொன்று. நோட்டைப் பிரித்துக் காட்டினாள். கரும்பலகையில் இருந்ததை ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியின் தலைக்கு மேலும் அந்தச் சொற்களின் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழ் எழுத்தில் குறித்திருந்தாள். ஒரு பக்கத்தில் ‘ரேங்க் ஆஃப் எ மேட்ரிக்ஸ்’ என்று இருந்தது. தமிழ்வழியில் அதற்கு ‘அணியின் தரம்’ என்று பெயர். “அணியின் தரம் காண உனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். “தரம் தெரியும் சார். இது ரேங்க்” என்றாள்.

அதே கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, சில நிமிடங்களில் விடையை அடிக்கோடிட்டு என் முன்னால் வைத்தாள். பிறகு ‘சிங்குலர்’ என்ற சொல்லைக் காட்டி, “சிங்குலர்னா இங்கிலீஷ்ல ஒருமைதானே சார், மேட்ரிக்ஸ்ல ஒருமை எங்க வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள போர்டை அழிச்சுட்டாங்க” என்றாள். பூச்சியக்கோவை அணி என்று என் வகுப்பில் அவள் நூறு முறை எழுதிய சொல்தான் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதல் பருவக் கணிதத் தாளின் பெயர் ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்ற பொருள்படுவதாக இருந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். எங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் அத்தியாயமே அணிகளையும் அணிக்கோவைகளையும் பற்றியதுதான். சேர்ப்பு அணி, நேர்மாறு அணி, அணியின் தரம், கிராமரின் விதி, காஸியன் நீக்கல் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. பின்னால் வகைக்கெழுக்களின் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று வரிசையாக வருகின்றன. ஐகன் மதிப்புகளும் கேலி–ஹாமில்டன் தேற்றமும் பன்மடித் தொகையீடுகளும் மாணவர்களுக்குப் புதியவை. மற்றவற்றில் பெரும்பகுதி அவர்கள் ஏற்கெனவே படித்து, தேர்வெழுதி, மதிப்பெண்ணும் வாங்கிய பாடம். தெரிந்த பாடத்தையே தெரியாத பாடமாக நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை முதல் மாதம் முழுவதும் அஞ்சிக்கிடப்பதை அறிவுக்குறைவு என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதே என் மன்றாட்டு.

நீளமான கலைச்சொற்களால் இந்தப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை என்பதையும் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ‘எலக்ட்ரோமேக்னட்டிக் இண்டக்ஷன்’ என்று கேட்டால் அது புதிய சொல் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். குறித்துக்கொண்டு போய் யாரிடமாவது கேட்பார்கள். வாழ்க்கையில் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்கும் சின்னச் சொற்கள்தான் காலை வாருகின்றன. எங்கள் ஊரில் ‘ஃபங்ஷன்’ என்றால் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா. கணிதத்தில் அது சார்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ‘மொமென்ட்’ என்றால் ஒரு கணப்பொழுது என்று ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்கள், ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’வில் நேரம் எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள், நிலைமத் திருப்புத்திறன் என்றால் சூத்திரத்தோடு எழுதிவிடுவார்கள். தகைவும் திரிபும் தெரிந்தவர்களுக்கு, தகைவின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்ட்ரெஸ்’ என்பது மன அழுத்தம் மட்டுமே. இவற்றையெல்லாம் எழுந்து நின்று கேட்க அவர்களுக்குக் கூச்சம். அதிலும் தெரிந்த சொல்லைப் போல் ஒலிப்பதைக் கேட்பது கூடுதல் கூச்சம்.

கூச்சத்தை விட்டுக் கேட்ட ஒருவனின் கதையும் உண்டு. இன்னொரு கல்லூரியில் இயந்திரவியல் சேர்ந்த என் மாணவன், இரண்டாவது வாரத்தில் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறான். “இங்கிலீஷ்ல கேளு, இல்லைன்னா உட்காரு” என்று பதில் வந்திருக்கிறது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் எந்த வகுப்பிலும் அவன் மறுபடி எழுந்திருக்கவில்லை. முதல் இரண்டு பருவங்களில் அவனுக்கு மூன்று அரியர். அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வளாக நேர்காணலுக்கு இவர்கள் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும் என்ற அக்கறையிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான்காம் ஆண்டில் வரப்போகும் நேர்காணலுக்காக முதல் மாதத்திலேயே வாயை அடைத்துவிட்டால், அந்த நேர்காணல் வரை அவன் வந்துசேர்வது எப்படி?

இந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர இந்த மாநிலம் எவ்வளவோ செய்திருக்கிறது. 2006இல் சட்டம் இயற்றி, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வை நீக்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மட்டுமே இன்று சேர்க்கைக்கு அடிப்படை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகள் மின்னணுவியல் படிப்பது இவற்றால்தான் நடக்கிறது. இவ்வளவும் செய்த பிறகு, அவள் ஒரு சொல்லுக்காகத் தோற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பொறியியலை முழுவதும் தமிழில் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் இயந்திரவியலும் 2010 முதல் தமிழ்வழியில் உள்ளன. அவற்றை விரும்பிச் சேர்வோரை நான் மதிக்கிறேன். ஆனால் என்னிடம் ஆலோசனை கேட்கும் பெற்றோரில் பலர் ஆங்கிலவழியைத்தான் விரும்புகிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. நான் கேட்பது ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் ஒரு வழிகாட்டிப் பலகையை மட்டும்தான். ‘ரேங்க்’ என்று எழுதும்போது பக்கத்தில் ‘தரம்’ என்று ஒரு முறை எழுதுங்கள். இரண்டாவது முறை தேவைப்படாது.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். முதல் பருவத்தின் பாடச்சுமை எனக்குத் தெரியும். ஆனால் வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பு மூன்று வாரப் புகுமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்திருக்கிறது. என் மாணவர்கள் சொல்வதைக் கேட்டால், அந்த நாள்களில் பெரும்பகுதி சிறப்பு விருந்தினர் உரைகளில் கழிந்துவிடுகிறது. அந்த மூன்று வாரங்களில் நாளுக்கு ஒரு மணி நேரத்தை இருமொழிச் சொற்பயிற்சிக்கு ஒதுக்கினாலே போதும். துணைக்கலந்தாய்வில் இடம் கிடைத்து, பாதிப் பாடம் நடந்தபின் வந்துசேரும் பிள்ளைகளுக்கு அந்த மூன்று வாரமும் கிடைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு சனிக்கிழமையாவது கொடுங்கள்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். கணிதத் தாளின் முதல் பகுதியில் உள்ள பத்து இரண்டு மதிப்பெண் வினாக்களில்தான் மொழி அதிகம் சறுக்குகிறது; பெரிய வினாக்களில் எண்களைப் பார்த்தாவது வழி கண்டுபிடித்துவிடுவார்கள். 2021 ஒழுங்குமுறையில் நூற்றுக்கு 40 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கு உரியது. அந்த வினாத்தாளைத் தயாரிப்பது நீங்களே. அதில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை அச்சிட எவருடைய அனுமதியும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அதே முதல் பருவத்தில் ‘தமிழர் மரபு’ தாளின் பாடத்திட்டம் இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழர் மரபுக்குச் செய்த அந்த ஏற்பாட்டைக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் செய்யும்படி பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றிருப்போர் கேட்டுப் பெற வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்குமான கலைச்சொற் பட்டியல் இருக்கிறது. பொதுத்தேர்வில் அதிலிருந்து வினா வராது என்பதால் இத்தனை ஆண்டுகளாக நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. அந்த மாணவியின் நோட்டைப் பார்த்தபோது முதலில் என் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆண்டு முதல், பொதுத்தேர்வு முடிந்த பிறகு பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பத்து நாள் பள்ளிக்கு வரச்சொல்லி, அந்தச் சொற்களை இரு மொழிகளிலும் சொல்லவும் எழுதவும் பழக்குகிறேன். சென்ற தீபாவளிக்கு வந்த மாணவியே விடுமுறையில் வந்து உதவுகிறாள்; எந்தச் சொல் எந்த வாரத்தில் தன்னைத் தடுக்கியது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவளும் நானும் சேர்ந்து நூற்று அறுபது சொற்களை நான்கு பக்கங்களில் தொகுத்திருக்கிறோம். கணிதமும் இயற்பியலும் ஓரளவு முடிந்துவிட்டன. வேதியியல் அரைகுறையாக நிற்கிறது. கணினி நிரலாக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. உயிரியல்–கணிதப் பிரிவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் நிரலாக்கம் முதல் பருவத்திலேயே வந்துவிடுவதால் அதுவே அவசரமானது. எந்தக் கல்லூரி ஆசிரியர் கேட்டாலும் இந்த நான்கு பக்கங்களைத் தர அணியமாக இருக்கிறேன். அதில் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள், விடுபட்டதைச் சேருங்கள். அடுத்த சேர்க்கையின் முதல் நாளில், விதிமுறைக் கையேட்டோடு சேர்த்து அதையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளியின் முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர்