சூடேறினால் குணம் மாறும் வெடிமருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரசாயனக் கிடங்குகள் பற்றி வந்த கட்டுரையில், உரமாகவும் வெடிமருந்து தயாரிக்கவும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் வெடிக்காது என்று ஒரு வரி இருந்தது. சாதாரண வெப்பநிலையில் அது சரிதான். ஆனால் தீப்பிடித்த கிடங்கில் சாதாரண வெப்பநிலை எங்கே இருக்கிறது? நான் முப்பது ஆண்டுகள் வேதியியல் பாடம் எடுத்தவன். என்னிடம் படித்த இருவர் இன்று தீயணைப்பு நிலையங்களில் பணியாற்றுகிறார்கள். அந்த வரியை அவர்கள் நம்பிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

எளிதில் வெடிக்காத வெடிமருந்துகளில் பேர்போனது டி.ஏ.டி.பி. (TATB) என்ற சேர்மம். 1966இல் ஸ்பெயினின் பலோமாரெஸிலும் 1968இல் கிரீன்லாந்தின் தூலேயிலும் அமெரிக்க விமானங்கள் விழுந்தபோது, அணுகுண்டுகளில் இருந்த வழக்கமான வெடிமருந்து வெடித்துப் புளூட்டோனியம் சிதறியது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா அணுகுண்டுகளுக்கு டி.ஏ.டி.பி.யை நாடியது. அத்தனை சாதுவான பொருளையே 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதற்குள் அதிர்ச்சி அலையை, அதாவது திடீரென நசுக்கிக்கொண்டு பாயும் அழுத்த அலையை, செலுத்திப் பார்த்தபோது, வழக்கமான ராணுவ வெடிமருந்துகளை நெருங்கும் அளவுக்கு எளிதாக வெடித்தது.

காரணம் புரியாத புதிர் அல்ல. வெடிமருந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதிர்ச்சி அலை அவற்றை நசுக்கும்போது அங்கங்கே கடுஞ்சூடான புள்ளிகள் பிறக்கின்றன; வெடிப்பு அங்கிருந்தே கிளம்புகிறது. பொருள் முன்பே சூடாக இருந்தால், வெடிக்கும் சூட்டை எட்ட மிச்சமுள்ள தூரம் குறைவு. போதாததற்குச் சூட்டில் பொருள் விரிந்து துளைகளும் கூடுகின்றன. அழுத்திச் செய்த டி.ஏ.டி.பி. கட்டி சூடாகி ஆறிய பிறகும் பழைய பருமனுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆறிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லவும் வழியில்லை.

அம்மோனியம் நைட்ரேட்டும் சூட்டில் மாறும் பொருள்தான்; சுமார் 170 டிகிரி செல்சியஸில் உருகும். உருகி, அடைபட்டு, எரியும் பொருட்களோடும் கலந்துவிட்டால் அதன் குணமே வேறு. 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்காம் என்ற கப்பலில் அதுதான் நடந்தது. சரக்கறையில் புகை கிளம்பியதும், தண்ணீர் விட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று மூடிகளை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருளை மூச்சுமுட்ட வைக்க முடியுமா? நீராவி சூட்டைத்தான் கூட்டியது. கப்பல் வெடித்துச் சிதறியதில், அந்த ஊரின் தீயணைப்புத் தொண்டர்களில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் இறந்தார்கள். 2013இல் அதே மாநிலத்தின் வெஸ்ட் என்ற சிற்றூரில், தீ பற்றிய தகவல் வந்து சுமார் 20 நிமிடங்களில் உரக்கிடங்கு வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் உதவிக்கு ஓடியவர்கள்.

2020இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், சென்னை மணலியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் நம் கண்ணில் பட்டு அகற்றப்பட்டது. இப்படிப்பட்ட ஒவ்வொரு கிடங்கின் வாசலிலும் இருப்பின் அளவைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். தீ சரக்கை எட்டும் முன் ஏராளமாகத் தண்ணீர் அடிக்கலாம், எட்டிவிட்டால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்றிவிட்டு வீரர்களும் விலக வேண்டும் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். அடுத்த கட்டுரையில் இதை வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர்