விசுவாசத் துணிச்சலுக்கு யார் விலை கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை மறைக்காமல் அறிக்கையிட்டு வாழத் துணிய வேண்டும் என்று எங்கள் ஆலயங்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால், பள்ளிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று எழுதப்பட்ட பிள்ளையோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதைப் பிரசங்கிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திருத்தப்படவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, தலைமுறைகளாகப் படித்து நிலமும் பதவியும் கண்ட சமூகங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது. வசிக்கும் தெருவும், ஊரார் பார்க்கும் பார்வையும் மட்டும் மாறுவதில்லை.

ஆகவேதான் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயருமாக நம்மிடையே பலர் வாழ்கிறார்கள். சாதிச் சான்றிதழ் விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார் என்றால், முன்கட்டுச் சுவரில் தொங்கிய வசன காலண்டர் உள்ளறைக்குப் போய்விடுகிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆலயத்துக்குத் தொடர்ந்து சென்றுகொண்டே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இன்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அந்தப் பொய்யை அவசியமாக்கியது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரவிலே இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவை உதாரணம் காட்டிக் கடிந்துகொள்ளும் போதகர்களுக்கு ஒன்று சொல்லலாம். அவர் யூதருக்குள்ளே அதிகாரி. இழக்க அஞ்சியது ஆலோசனைச் சங்கத்து மரியாதையை. இங்கே இழப்பது மகளின் கல்லூரி இடத்தை. அந்த நிக்கொதேமுவையும்கூட ஆண்டவர் பகலில் வரச்சொல்லித் திருப்பி அனுப்பவில்லை.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தெளிவு. மதத்தைப் பட்டியல் சாதித் தகுதியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால், நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கிறோம் என்ற சாக்குத் திருச்சபைக்குக் கிடையாது. நம்முடைய பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகளில் வேலை கொடுப்பதும் இடம் கொடுப்பதும் பெருமளவு நம் கையில்தான் இருக்கின்றன. சாதிக்கொரு கல்லறைத் தோட்டத்தை இன்னும் சகித்துக்கொண்டிருப்பதும் நாம்தான். வெளிப்படையாக வாழ்ந்தால் எதையும் இழக்காதவர்கள் முதலில் துணிய வேண்டிய இடங்கள் இவை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அடுத்த கறுப்பு நாளுக்கு முன்பாக, ஒவ்வொரு திருமண்டலமும் மறைமாவட்டமும் தன் நிறுவனங்களில் தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை பணியிடங்களும் கல்வி இடங்களும் கொடுத்திருக்கிறது என்ற கணக்கை வெளியிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.